புதுக் கட்டம் எங்கே உட்காரும்

எண்பதுகளின் பிற்பகுதியில், அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையில், கம்ப்யூட்டர் திரையில் புதிதாகத் திறக்கிற கட்டம் எந்த இடத்தில் வந்து உட்கார வேண்டும் என்று ஒரு கேள்வி எழுந்தது. கேள்வியை எழுப்பியவர் எங்கள் மேனேஜர். தப்பான பதிலைச் சொன்னவரும் அவரே. அந்தப் பதிலைப் புரோகிராமாக எழுதி ஓடவிட்டவள் நான். அடிபட்டவர் மட்டும் வேறொருவர். அவர் எங்கள் அறைக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. திருச்சியில் கணிதம் படித்துவிட்டு, அங்கேயே ஒரு வருஷ கம்ப்யூட்டர் டிப்ளமாவும் முடித்திருந்தேன். வீடு பெரம்பலூரில். காலையில் பஸ் பிடித்து அரியலூரில் இறங்கி, ஆலை வண்டியில் ஏறினால் ஒன்பது மணிக்கு முன்னால் உள்ளே இருப்பேன். ஆலையில் பெண்கள் மொத்தம் நாலு பேர். மற்ற மூவரும் டைப்பிஸ்டுகள். என்னையும் முதல் ஆறு மாதம் டைப்பிஸ்ட் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிப் போட வேண்டும். ஆலை முழுக்கப் புழுதி பறந்துகொண்டிருக்க, இந்த ஒரு அறையில் மட்டும் ஏசி, கண்ணாடிக் கதவு, கால் துடைக்கத் தேங்காய்நார் மிதியடி. மேனேஜர் வெள்ளை சாக்ஸோடு உள்ளே நடப்பார். அந்த சாக்ஸில் ஒரு அழுக்கு பார்த்ததில்லை, ஏனென்றால் அவர் ஆலைக்குள் போவதே அபூர்வம். அதற்கு முன் ஸ்டோர்ஸில் இருந்தவர். பம்பாயில் மூன்று வாரப் பயிற்சிக்கு யாரை அனுப்புவது என்று வந்தபோது, ஆங்கிலம் தடங்கலில்லாமல் பேசுகிறார் என்று இவரை அனுப்பினார்கள். போனபோது ஸ்டோர்ஸ்காரர், வந்தபோது நிபுணர். ஒரு வரி புரோகிராம் அவருக்கு எழுத வராது. எழுதுகிறவர்கள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சரி போங்க என்று சொல்ல மட்டும் வரும்.

பம்பாயிலிருந்து வரும்போது ஒரு ஆங்கிலப் பத்திரிகை கொண்டுவந்தார். அதில் நடுப்பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் திரையின் வண்ணப் படம். திரை முழுக்கக் கட்டம் கட்டமாகப் பிரிந்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வேலை ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை, நடுவே ஒரு விரல் இடம்கூட சும்மா இல்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் காட்டுவார். நம்ம ஆலைக்கும் இதே மாதிரி வரப்போகிறது என்பார். அதை யார் செய்யப் போகிறார்கள் என்று கேட்டால் என் பக்கம் கை காட்டுவார், பியூனைக் காட்டுகிற மாதிரி.

சிமெண்டு ஆலையில் எல்லாம் கில்ன் என்கிற சூளையைச் சுற்றித்தான். படுக்கவைத்த பெரிய இரும்புக் குழாய் மாதிரி இருக்கும், மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே நிலக்கரித் தூள் எரியும். சூளையை ஓட்டுகிற ஆளுக்கு பர்னர் என்று பேர். பகல் ஷிப்டு பர்னர் உடையார்பாளையத்துக்காரர், ஊரில் கொஞ்சம் முந்திரிக் காடு உண்டு. நாற்பத்தைந்து வயதிருக்கும். பதினோரு வருஷமாக அதே சூளை. அவருடைய கண்ட்ரோல் அறையில் ஒரு சுவர் முழுக்க மீட்டர்கள். அவற்றை அவர் நின்று படித்து நான் பார்த்ததில்லை. டீயை டம்ளரில் ஆற்றிக்கொண்டே ஒருமுறை தலையைத் திருப்புவார், அவ்வளவுதான். இடப்பக்கம் மேலே சூளை மோட்டார் இழுக்கிற ஆம்பியர். உள்ளே சூடு தணிந்தால் அந்த எண் இறங்கும், அவர் கரியைக் கூட்டுவார். எண் ஏறினால் குறைப்பார். அந்த மீட்டருக்குப் பேர்ப்பலகை என்றைக்கோ உதிர்ந்து போயிருந்தது. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை.

அவரை ஒரு மகானாக ஆக்க எனக்கு உத்தேசமில்லை. முசுடு. என்னைக் கண்டாலே இளப்பம். அளவுகள் குறித்துக்கொள்ள முதல் நாள் போனபோது பக்கத்திலிருந்த ஃபிட்டரிடம், "ஏசி ரூமுல பொம்ம போடுற பொண்ணு வந்திருக்கு, ஸ்டூல தொடச்சுப் போடு" என்றார். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னார். எனக்கும் அவர்மேல் மரியாதை ஒன்றும் பொங்கி வழியவில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட ஆள், கரி அள்ளிப்போடுகிற ஆள், இவருக்கு என்ன தெரியும் என்றுதான் நினைத்தேன். டிப்ளமாச் சான்றிதழ் கொடுக்கிற முதல் புத்தி அதுதான்.

மேனேஜர் கேட்டது இது. சூளையின் அளவுகள் எல்லாம் திரையில் வரவேண்டும். கூடவே மூட்டை கட்டும் பிரிவு, கரிக் கிடங்கு, சுண்ணாம்புக்கல் வரத்து என்று எதை வேண்டுமானாலும் ஒரு பொத்தானில் திறக்க வேண்டும். திறப்பதெல்லாம் பத்திரிகைப் படம் போல அடுத்தடுத்து நிற்க வேண்டும்.

முதலில் நான் போட்ட ஏற்பாடு சாதாரணமானது. சூளையின் கட்டங்கள் நாலும் இடப்பக்கம் நிலையாக நிற்கும், எது வந்தாலும் நகராது. வலப்பக்கம் ஒரு பட்டையைக் காலியாக விட்டிருந்தேன். புதிதாகத் திறப்பவை அங்கே மேலிருந்து கீழாக வந்து உட்காரும். இதில் என் புத்திசாலித்தனம் ஒன்றுமில்லை. அதுதான் செய்ய சுலபம் என்று செய்தேன்.

மேனேஜர் வந்து பார்த்தார். காலிப் பட்டையை விரலால் தட்டினார்.

"என்னம்மா, இவ்வளவு எடம் சும்மா கெடக்குது?"

"புதுசா எதாவது தெறந்தா அங்க வரும் சார்."

"புதுசா தெறந்தது ஓரத்துல வரணுமா? ஒருத்தர் இப்பத்தான் கேட்டு வாங்கியிருக்காரு. அதைக் கொண்டுபோயி மூலையில ஒக்கார வைப்பியா?"

பிறகு அவருடைய விதியைச் சொன்னார். புதிதாக வந்தது எதுவோ அதுதான் முக்கியம். அது இடப்பக்கம் பாதித் திரையை எடுத்துக்கொள்ள வேண்டும். முன்னால் இருந்தவை எல்லாம் வலப்பக்கம் நகர்ந்து, மீதிப் பாதியைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று வந்தால் இதுவும் அப்படியே தள்ளப்படும். எந்த நேரமும் திரை நிறைந்திருக்க வேண்டும்.

அவர் சொன்னது முட்டாள்தனம் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. பர்னருக்கு வேண்டியது எப்போதும் ஒரே இடத்தில் இருந்தால் நல்லது இல்லையா சார் என்று ஒரு வாக்கியம் சொன்னேன். பத்திரிகைக்காரன் தெரியாமலா போட்டிருக்கிறான் என்றார். அந்தப் படத்தில் எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று பார்த்தால் தெரியவே தெரியாது. திரை நிறைந்திருந்தது, அது மட்டும்தான் தெரிந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதைவிடக் கேவலம், அந்த வேலையை ரசித்துச் செய்தேன். பாதியைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி, ஒவ்வொரு கட்டமும் தன் இடத்தைத் தானே கணக்கிட்டு நகரும்படி எழுதினேன். ஒரு பொத்தான் தட்டினால் திரை முழுவதும் சீட்டுக் கலைத்த மாதிரி இடம் மாறி அச்சுப் பிசகாமல் நிற்கும். எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே எழுத்து, ஒரே அளவு எண், ஒரே பச்சை நிறம். தலைப்பு மட்டும் சின்னதாக ஆங்கிலத்தில். அப்படித்தான் பார்க்க அழகாக இருந்தது. நானே நாலைந்து தடவை தட்டித் தட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

திரையைக் கண்ட்ரோல் அறையில் வைத்த அன்று ஜெனரல் மேனேஜர் வந்தார். எங்கள் மேனேஜர் அதற்காகப் பழைய மீட்டர் சுவருக்குப் பச்சைத் திரைச்சீலை தைத்து மாட்டியிருந்தார். புதியது இருக்கும்போது பழையது கண்ணில் படக்கூடாது என்பது அவர் எண்ணம். கட்டங்கள் இடம் மாறுவதைக் காட்டினோம். ஜெனரல் மேனேஜர் தலையாட்டினார், அவர் தலையாட்டியதால் மற்றவர்கள் கைதட்டினார்கள். பர்னர் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"ஏங்க, நம்ம ஆம்பியரு எங்கங்க இருக்கு?" என்று கேட்டார்.

"இதோ, வலது பக்கம், கீழேருந்து ரெண்டாவது" என்றார் மேனேஜர்.

"இப்பத்தான் எடது பக்கம் பாத்தேன்."

"புதுசு வந்தா நகரும். தலைப்பைப் பாத்துக் கண்டுபிடிச்சுக்க வேண்டியதுதான்."

"கண்டுபிடிச்சுக்கிட்டே இருந்தா கில்ன எப்பங்க ஓட்டுறது?"

சிரித்தார்கள். ஜெனரல் மேனேஜரும் சிரித்தார். படிக்காத ஆள் புது மெஷினைக் கண்டு மிரளுகிறான் என்கிற சிரிப்பு. நானும் அதில் சேர்ந்துகொண்டேன்.

பர்னர் மிரளவில்லை. தன் ஷிப்டில் யாரும் எதையும் திறக்கக் கூடாது என்று ஃபிட்டர்களிடம் சொல்லிவிட்டார். யாரும் திறக்காதவரை ஆம்பியர் இடப்பக்கம் மேலேயே நின்றது, அவருக்கும் பழைய வழக்கப்படியே பார்க்க முடிந்தது. அது போதாதென்று திரைச்சீலையை ஒரு ஓரமாகச் சுருட்டிக் கம்பியில் செருகி வைத்தார். அதைக் கேள்விப்பட்ட மேனேஜர் தச்சரை அனுப்பிச் சீலையின் நாலு மூலையிலும் ஆணி அடிக்க வைத்தார். சுவரில் அடித்த ஆணியை ஒரு பெரிய நிர்வாக நடவடிக்கையாக எங்களிடம் விவரித்தார்.

ஆனால் மேனேஜர் தன் அறையில் இருந்தபடியே எல்லாத் திரைகளிலும் கட்டங்களைத் திறக்கும் வசதி கேட்டிருந்தார், நானும் செய்து கொடுத்திருந்தேன். விருந்தாளிகள் வந்தால் அதுதான் அவருக்கு விளையாட்டு. ஒரு பொத்தானைத் தட்டி, இப்போது ஆலை முழுக்க இது தெரிகிறது என்பார்.

அன்றைக்கு மெட்ராஸிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். சாப்பாட்டு நேரம் தொடங்கியிருந்தது. மேனேஜர் மூட்டைப் பிரிவின் கட்டத்தைத் திறந்தார். பத்து நிமிஷத்துக்கு எத்தனை மூட்டை கட்டுகிறார்கள் என்று காட்டும் எண் அது. வழக்கமாக இருநூறை ஒட்டி நிற்கும். சூளையின் ஆம்பியரும் இருநூறை ஒட்டித்தான் நிற்கும். என் அறைத் திரையிலும் கட்டங்கள் இடம் மாறுவதைப் பார்த்தேன். யாருக்கோ படம் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.

பர்னர் அப்போது கரி போகிற இடத்தைப் பார்க்க வெளியே போயிருந்தார். திரும்பி வந்து, வழக்கம்போல இடப்பக்கம் மேலே ஒரு பார்வை. நூற்றுத் தொண்ணூறு. சற்று நேரத்தில் நூற்று எண்பது. மூட்டை தூக்குகிறவர்கள் ஒவ்வொருவராகச் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தார்கள், அதனால் எண் இறங்கியது. அவர் கண்ணுக்கு அது சூளை ஆறுவதாகத் தெரிந்தது. கரியைக் கூட்டினார். இன்னும் இறங்கியது. மறுபடி கூட்டினார். மூன்றாவது தடவை கூட்டப் போனவர் நிறுத்திக்கொண்டாராம். கரி போட்ட பிறகும் இந்த வேகத்தில் இறங்குகிற சூளையை அவர் பார்த்ததில்லை. நெருப்பைப் பார்க்கிற நீலக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஓடி, சூளை வாயில் எட்டிப் பார்த்தார். உள்ளே நெருப்பு தாங்க முடியாத வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது.

உடனே கரியை நிறுத்தினார். அதற்குள் தாமதமாகிவிட்டது. உள்ளே சூடு தாங்கப் பதித்திருந்த தீச்செங்கல் ஓரிடத்தில் பெயர்ந்து விழுந்து, வெளி இரும்பு பழுக்க ஆரம்பித்திருந்தது. சங்கு ஊதியதும் நானும் ஓடினேன். செருப்பு போட மறந்து, வெயிலில் கொதித்த தரையில் குதித்துக் குதித்துப் போய் நின்றேன். சுற்றுகிற இரும்பில் ஒரு முறத்தளவு சிவப்பு, வருவதும் மறைவதுமாக இருந்தது. பர்னர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மேனேஜர் வரவில்லை. விருந்தாளிகளுக்கு லெமன் ஜூஸ் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

சூளையை நிறுத்தி, ஆறவைத்து, செங்கலை மாற்றி ஓட்ட ஒன்பது நாள் ஆனது. நாலாவது நாள் ஜெனரல் மேனேஜர் அறையில் விசாரணை. எங்கள் மேனேஜர் ஒரு ஃபைலோடு வந்திருந்தார். ஒவ்வொரு கட்டத்துக்கும் தலைப்பு தெளிவாக இருக்கிறது, ஆபரேட்டர் தலைப்பைப் படிக்கவில்லை, இவ்வளவுதான் சார் விஷயம் என்றார். ஜெனரல் மேனேஜர் என்னைப் பார்த்து, புரோகிராமில் ஏதாவது தப்பு உண்டா என்று கேட்டார்.

"இல்லைங்க சார். சொன்னபடி வேலை செஞ்சிருக்கு" என்றேன்.

அதில் பொய் ஒரு எழுத்துகூடக் கிடையாது. அப்படிப்பட்ட வாக்கியங்களைத் தேடிப் பிடிக்கத்தான் கோழைகளுக்குப் படிப்பு உதவுகிறது.

பர்னரிடம் என்ன சொல்கிறாய் என்று கேட்டார்கள்.

"எடம் மாறிப்போச்சுங்க. அதான்" என்றார்.

மேனேஜர் விடவில்லை. "மேல பேர் போட்டிருக்குதே, படிக்கத் தெரியாதா?"

"தெரியும்ங்க. நீங்க தெனம் ஒக்கார்ற நாற்காலியில வேற ஆளு ஒக்காந்திருந்தா, பின்னாலேருந்து பாத்து வணக்கம் சார்னுதான் சொல்லுவேன். சட்டையில பேரு எழுதியிருக்கான்னு சுத்தி வந்து படிக்கவா போறேன்?"

அந்த அறையில் அன்றைக்கு அறிவோடு பேசப்பட்ட வாக்கியம் அது ஒன்றுதான். அதைத் திமிர்ப் பேச்சு என்று எழுதிக்கொண்டார்கள். மறு வாரம் அவரை மூட்டைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

எனக்குத் தூக்கம் கெட்டது என்றெல்லாம் சொல்லமாட்டேன். நன்றாகத்தான் தூங்கினேன். பஸ்ஸில்தான் தொந்தரவு. பெரம்பலூர் போய்ச் சேருகிற வரைக்கும் கையில் புத்தகம் விரித்தபடி இருக்கும், ஒரு பக்கம் ஓடாது. இரண்டு வாரம் அப்படிப் போனது. பிறகு மேனேஜர் குடும்பத்தோடு திருப்பதி போனார். அந்த மூன்று நாளில், யாரையும் கேட்காமல், முழுவதையும் மாற்றி எழுதினேன்.

சூளையின் நாலு கட்டமும் இடப்பக்கம் நிலையாக நிற்கும். எவன் எங்கிருந்து எதைத் திறந்தாலும் அவை ஒரு நூல்கூட நகராது, சுருங்காது. புதியது வலப்பக்கப் பட்டையில், ஏற்கெனவே இருப்பவற்றுக்குக் கீழே வந்து உட்காரும். மேலே இருப்பதைத் தள்ளாது. பட்டையில் இடமில்லையென்றால் அடி வரியில் அதன் பேர் மட்டும் நிற்கும், பர்னர் கூப்பிட்டால்தான் உள்ளே வரும். காலி இடம் இருந்தால் காலியாகவே கிடக்கும். சூளைக்கு மட்டும் பச்சை எண், மற்றதெல்லாம் வெள்ளை. தலைப்புகளைப் பெரிதாக்கினேன். புதிதாக வந்தவருக்கு நடுவீட்டில் பாய் போட்டு, வீட்டுக்காரனை எழுப்பி வெளியே அனுப்புகிற விதியை எந்த வீட்டிலும் யாரும் வைப்பதில்லை. கம்ப்யூட்டர் என்றதும் எங்களுக்கு அது தோன்றாமல் போய்விட்டது.

மேனேஜர் மொட்டைத் தலையோடு லட்டு கொண்டுவந்து கொடுத்தார். திரையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு வேண்டியது கட்டங்கள், கட்டங்கள் இருந்தன. ஏழெட்டு மாதம் கழித்து ஒரு விருந்தாளியிடம், முக்கியமான கட்டங்கள் நகரவே நகராது, அதுதான் என் ஐடியா என்று அவர் விளக்கிக்கொண்டிருந்ததை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்த நேரத்தில் அவர் அதை உண்மையாகவே நம்பினார் என்றுதான் தோன்றியது. பொய் சொல்கிறவனையாவது ஒரு கணக்கில் மதிக்கலாம். இவர் அந்த அளவுக்குக்கூட உழைக்கிறவர் இல்லை.

மாற்றி எழுதிய அந்த வாரமே மூட்டைப் பிரிவுக்குப் போனேன். பர்னர் புருவமெல்லாம் சிமெண்டு படிந்து, லாரியில் ஏறுகிற மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். மெஷின் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"அண்ணே, ஸ்கிரீன மாத்திட்டேன். ஆம்பியரு இனிமே நகராது."

"சாரு ஒத்துக்கிட்டாரா?"

"இல்லண்ணே. கேக்காமத்தான் மாத்துனேன்."

லாரி நிறைந்து நகர்கிற வரை அவர் மூட்டைகளை எண்ணினார். பிறகு என் பக்கம் திரும்பி, சாதாரணமாகச் சொன்னார்.

"அன்னிக்கே கேக்காம செஞ்சிருக்கலாமுல்ல."

அடுத்த லாரி பின்னால் வந்து நின்றது. அவர் எண்ண ஆரம்பித்துவிட்டார். நான் திரும்பி நடந்தேன்.

ஒரு வருஷம் கழித்து, புது பர்னர் வேலையை விட்டுப் போனதும், இவரைத் திரும்பச் சூளைக்குக் கூப்பிட்டார்கள். வரமாட்டேன் என்றாராம். மூட்டைப் பிரிவில் அவர் மூட்டையை எண்ணினார், எண் குறைந்தால் குறைவு, கூடினால் கூடுதல், அதோடு சரி. ஆலையில் பலரும் அதை வீம்பு என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் அதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

மேனேஜருக்கு அதற்கடுத்த வருஷம் பதவி உயர்வு. மெட்ராஸ் தலைமை அலுவலகத்தில் எல்லா ஆலைகளுக்குமான கம்ப்யூட்டர் பொறுப்பு. கேண்டீனில் பிரிவுபசார விழா நடத்தினார்கள். தமிழ் நன்றாக எழுதுவாள் என்று வாழ்த்து மடலை என்னிடம் விட்டார்கள். தொலைநோக்கு, துணிவு, புதுமை என்று மூன்று பத்தி எழுதினேன். கண்ணாடிச் சட்டம் போட்டு, நானே மைக்கில் வாசித்து, நானே அவர் கையில் கொடுத்தேன். அவர் கண் கலங்கியது. கைதட்டல் அடங்கிய பிறகு எல்லோரும் கேசரிக்கு வரிசையில் நின்றோம்.